வலது தோள்

“தோளுக்கு மட்டும் சொல்லிக் குடுங்க அம்மிணி. கை, காலெல்லாம் வேண்டாமுங்க. அதுலயும் வலது தோளு முக்கியம்.”

வெள்ளியங்கிரி சொன்னதைக் கேட்டு சத்யபிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. நாமக்கல்லில் மோகனூர் சாலையில் அவள் ஜிம் நடத்துகிறாள். மதியத்துக்கு மேல் பெண்களுக்கு மட்டும். இடுப்பைக் குறைக்க வருவார்கள், முட்டிவலிக்கு வருவார்கள். எழுபது வயது அப்பா, நாற்பதைத் தொடப்போகும் மகளைக் கூட்டிவந்து தோளைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“தோளை மட்டும் தனியாக் கழட்டிப் பலமாக்க முடியாதுங்கய்யா. கனத்தைத் தோள்ல வெச்சாலும் தாங்கறது காலும் இடுப்பும்தான்.”

“அப்படீங்களா?” அவர் மகள் பக்கம் திரும்பினார். “அது நெசந்தான் கண்ணு. அன்னிக்கும் உனக்குக் காலுதான் நடுங்குச்சு.”

கயல்விழி தலையாட்டினாள். கோழித்தீவனக் கம்பெனியில் உட்கார்ந்தே கணக்குப் பார்க்கிறவள். மெலிந்த கைகள்.

“எதுக்குன்னு சொன்னீங்கன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லித் தருவேங்க்கா.”

வெள்ளியங்கிரியே பதில் சொன்னார். “நமக்கு ஊடு மோகனூருங்க. ஊட்டுல இருந்து தோள்ல வெச்சுட்டுக் காவேரிக் கரை வரைக்கும் நடக்கோணும். நடுவால யாருகிட்டயும் மாத்திக் குடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சாமி.”

சத்யபிரியாவுக்குப் புரிந்துவிட்டது. மோகனூர்க் கரையில் எத்தனை தீர்த்தக் காவடி பார்த்திருக்கிறாள்.

“வேண்டுதலுங்களா?”

“அப்படித்தான் வெச்சுக்குங்க.”

“போன தடவை முடியலைங்க,” என்றாள் கயல்விழி. “அம்மாவுக்காக எடுத்தேன். தெரு முக்கு திரும்பறதுக்குள்ள தடுமாறிட்டேன். பெரியப்பா பையன் வாங்கிட்டான். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு சொந்தமே பேசுச்சு.”

“ஒத்தப் புள்ளைங்க,” என்றார் அப்பா. “இவ எடுக்காம வேற யாரு எடுக்கறது?”

மறுநாளே பயிற்சி தொடங்கியது. எடை மாட்டாத வெறும் இரும்பு ராடைத்தான் முதலில் கையில் கொடுத்தாள் சத்யபிரியா. தோளில் ராடை வைத்து உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தலைக்கு மேல் உயர்த்துவது. முதுகு வளையாமல், மூச்சை வயிற்றில் நிறுத்தித் தூக்க வந்த பிறகுதான் சின்ன பிளேட் ஒன்று ஏறும். ஒருநாள் பயிற்சி, மறுநாள் ஓய்வு.

“ஓய்வு எடுக்கறப்பதாங்க்கா உடம்பு பலமாகும். நல்லாத் தூங்குங்க. முட்டை சாப்பிடுங்க.”

“நாமக்கல்லுல இருந்துட்டு முட்டைக்கா பஞ்சம்?” என்று சிரித்தாள் கயல்விழி.

பயிற்சி நாளெல்லாம் வெள்ளியங்கிரியும் உடன் வருவார். பெண்கள் நேரம் என்பதால் வாசலோடு நின்றுகொள்வார். வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே இரும்பு இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். மகள் வெளியே வந்ததும், “இன்னிக்கு ஏறுச்சா கண்ணு?” என்பார்.

கார்த்திகையில் ஒருநாள் கயல்விழி தானாகவே பெரிய பிளேட்டை மாட்டித் தூக்கப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. சத்யபிரியா அவளைத் தரையில் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க்கா இந்த அவசரம்? ஒரே நாள்ல வராதுன்னு சொன்னேனில்ல.”

“நான் தயாராகறதுக்குள்ள அந்த நாளு வந்துரக் கூடாதேன்னு பயமுங்க.” கயல்விழியின் கண் கலங்கியிருந்தது. “இந்தத் தடவையும் விட்டுட்டா அப்புறம் எனக்கு இன்னொரு தடவை இல்லை.”

“பங்குனி உத்திரத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்குது.”

கயல்விழி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சில நாள் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடியும் வெறும் ராடிலிருந்து வந்தாள். இம்முறை அவசரப்படவில்லை. பொங்கல் தாண்டியதும் தோள் விரிந்தது, நடை மாறியது. அலுவலகத்தில் தண்ணீர் கேனை அவளே தூக்கி வைக்கிறாளாம்.

மாசியில் ஒருநாள், மற்ற பெண்களெல்லாம் கிளம்பிய பிறகு, சத்யபிரியா வெள்ளியங்கிரியை உள்ளே அழைத்தாள்.

“வந்து பாருங்கய்யா.”

மணல் மூட்டை ஒன்றைக் கயல்விழி வலது தோளில் ஏற்றிக்கொண்டாள். சுவரோரமாக நடந்து போனாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். முகத்தில் வியர்வை மட்டும்தான். கால் நடுங்கவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்று, மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தாள்.

வெள்ளியங்கிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போதும் சாமி. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.”

“இன்னும் கொஞ்சம் ஏத்தலாமுங்கய்யா,” என்றாள் சத்யபிரியா. “ஆனா மொத்தம் எவ்வளவு கனம் வரும்னு நீங்க சொல்லவே இல்லையே. அது தெரிஞ்சா கணக்காப் பழக்கிருவேன்.”

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கயல்விழி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

வெள்ளியங்கிரி செருப்பைக் கழற்றினார். மூலையில் இருந்த எடை மெஷினில் ஏறி நேராக நின்றார். எண்கள் ஓடி நின்றதும் குனிந்து படித்தார்.

“அறுபத்திரெண்டுங்க அம்மிணி. மூங்கிலு, மாலையெல்லாம் சேர்த்து நாலா வகுத்துக்குங்க. மத்த மூணு தோளுக்குப் பங்காளிக இருக்கறாங்க.”