காரில்லாத கியர்பொக்ஸ்

ஓட்டோமெற்றிக் கியர்பொக்ஸை மட்டும் திரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்தவனை, கொட்டாஞ்சேனை மெக்கானிக் பஸ்தியாம்பிள்ளைக்குப் பார்த்த கணமே பிடிக்கவில்லை. போன வருஷம் யாரோ களவெடுத்த கியர்பொக்ஸைத் திருத்திக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் பொலிஸ் கூட்டில் இருந்தவர் அவர்.

“வாகனம் எங்க தம்பி?”

“அதை உங்கட வாசலுக்குக் கொண்டு வந்தா நல்லாயிராது அண்ணை. கிளட்ச் பிளேட் எல்லாம் புதுசாப் போடுங்கோ. தினமும் ஓடினாலும் தாங்கவேணும்.”

“வேகமா ஓடுறனீங்களோ?”

“இல்லை, நடை வேகம்தான். அதிலதான் ஒயில் கொதிச்சுப் பிளேட் கருகினது.”

“என்ன ஏத்துறனீங்கள்?”

“ஒராளைத்தான். போகேக்க ஆள் இருக்கும், வரேக்க இராது. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் குறை சொல்லேல்ல.”

ஆள்கடத்தல்! பஸ்தியாம்பிள்ளை முடிவே கட்டிவிட்டார். அந்நேரம் மேல்மாடியில் இருமல் கேட்டது.

“ஆர் அண்ணை அது?”

“என்ர மாமா. ரெண்டு மாசமாப் படுக்கை.”

அவன் மிகுந்த அக்கறையோடு மேலே பார்த்தான். வீட்டையும் நோட்டம் விடுகிறானா?

“வாகனத்தைக் கண்ணால காட்டும். இல்லாட்டி பொலிசுக்குச் சொல்லுவன்!”

மறுநாள் காலை, வாகனத்தைக் கட்டியிழுத்து வந்து வாசலில் விட்டான். கறுப்பு நிறம், நீளமான கண்ணாடி, பக்கத்தில் ஒரு மலர்ச்சாலையின் பெயர்: பிரேதம் ஏற்றும் வண்டி.

“சொன்னனான்தானே அண்ணை...”

அதற்குள் அயல் முழுக்கக் கூடிவிட்டது. முன்வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் அக்கா மெழுகுதிரியோடு அழுதபடி வந்தாள்.

இரண்டு மாதமாக எழும்பாத மாமா யன்னலால் எட்டிப் பார்த்தார். ஒருவர் கையையும் பிடிக்காமல் படியிறங்கி வந்தார்.

“மருமகன்,” என்றார், “கொஞ்சம் அவசரப்பட்டிட்டீர்.”