உள்ளே ஒருவருக்கு மட்டும்

மூன்றாவது ஆஸ்பத்திரியையும் மாமியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முதலாவதில் லிஃப்டிலிருந்து பிரசவ அறைக்கு நடை அதிகமாம். இரண்டாவதில் நர்ஸ்கள் தேவைக்கு மேல் சிரிக்கிறார்களாம். மூன்றாவதில் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது என்றார்.

"என் பழைய இடத்துக்கே போயிடலாம்" என்று காரில் ஏறியதும் முடிவைச் சொன்னார்.

மருமகளுக்கு எட்டாவது மாதம். மாமியாரிடம் பேசி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் யாரும் கிடையாது.

மாமியார் ஊர்ப் பொது ஆஸ்பத்திரியின் லேபர் வார்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, ஹெட் நர்ஸாக ஓய்வு பெற்றவர். ஓய்வெல்லாம் வார்டிலிருந்துதான். வீட்டில் இன்னமும் டியூட்டியில் இருக்கிறார். காலை ஆறரைக்கு ரவுண்ட்ஸ் வருவார். படுக்கை விரிப்பின் மூலை ஒழுங்காக மடிக்கப்படவில்லை என்றால் பெற்ற மகனே ஆனாலும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மகனுக்கு வயது முப்பத்திரண்டு.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. வாயும் வயிறுமாக இருப்பவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டதில்லை. ஆனால் அவள் மூச்சு விடுவதைக்கூடத் திருத்துவார். எழுந்தால் எழுந்த விதம் தப்பு, உட்கார்ந்தால் உட்கார்ந்த விதம் தப்பு.

பிரசவ நேரத்திலும் அந்தக் குரல் தலைமாட்டில் நிற்கப்போகிறது என்று நினைத்தாலே மருமகளுக்கு அழுகை வந்தது. அவளுக்கு அக்கா வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்த அக்கா. தையல் கடை வைத்திருக்கிறாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள், கையை மட்டும் பிடித்துக்கொள்வாள். அது போதும்.

மூன்றாவது ஆஸ்பத்திரியில், குடும்பமே உள்ளே இருக்கலாம் என்று ரிசப்ஷன் பெண் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அங்கே என்றால் மாமியாரோடு அக்காவும் ஓர் ஓரமாக நின்றிருக்கலாம். பொது ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒருவரைத்தான் விடுவார்கள். அந்த ஒருவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். "நீயே அம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லேன்" என்றான். அவர் உங்களைப் பெற்றவர்தானே, நீங்கள் சொல்லக் கூடாதா என்று கேட்டாள். அவன் அவசரமாகக் கார் துடைக்கப் போய்விட்டான்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடி வந்தாள்.

பழைய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் மாமியாருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. சக்கர நாற்காலி தள்ளியவருக்கு வளைவில் எப்படித் திருப்புவது என்று பாடம் எடுத்தார். வாட்ச்மேனைச் சட்டைப் பொத்தான் போட வைத்தார். மூன்றாம் மாடி போய்ச் சேர்வதற்குள் ஆறு பேர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள், இரண்டு பேர் ஒளிந்துகொண்டார்கள்.

பிரசவ அறை வாசலில் இப்போதைய ஹெட் நர்ஸ் நின்றிருந்தார். ஒரு காலத்தில் மாமியாரிடமே வேலை கற்றுக்கொண்டவர். நலம்கூட விசாரிக்காமல் மருமகளின் பக்கம் குனிந்தார்.

"ஒருத்தர்தான் உள்ள வரலாம். யார் வரணும்னு நீதான் சொல்லணும்மா."

மாமியார் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போயிருந்தார்.

அடுத்த வலி வந்தது. வலி கொடுத்த தைரியமோ என்னவோ, "அக்கா" என்றாள் மருமகள்.

மாமியார் ஈரக் கையோடு திரும்பிப் பார்த்தார். மகன், சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தான்.

"வலியில ஏதோ உளர்றா. வழி விடு."

"பேஷன்ட் சொல்லிட்டாங்க மேடம்."

"முப்பத்தோரு வருஷம் நான் நின்ன இடம் இது."

"தெரியும் மேடம். அந்த பெஞ்ச்ல உட்காருங்க."

மாமியார் ஓர் அடி எடுத்து வைத்தார். ஹெட் நர்ஸ் கதவின் குறுக்கே கையை நீட்டினார். அக்கா அந்தக் கைக்கு அடியில் குனிந்து உள்ளே நழுவினாள். கதவு சாத்திய பிறகும், மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன், யார் யார் வேலை இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றெல்லாம் வெளியே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். அதட்ட ஆள் இல்லை. மருமகள் கத்தத் தோன்றியபோது கத்தினாள், அழத் தோன்றியபோது அழுதாள். மூன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

சந்தோஷம் முழுசாக வந்து சேர்வதற்குள் பயம் வந்துவிட்டது. திரும்ப அதே வீட்டுக்குத்தானே போக வேண்டும்?

"சிஸ்டர், குழந்தையை முதல்ல எங்க அத்தை கையில குடுங்க. கொஞ்சமாவது கோபம் தணியட்டும். என்னால உங்களுக்கும் வம்பு."

ஹெட் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே சிரித்தார்.

"போன மாசமே போன் பண்ணிட்டாங்கம்மா. 'மூணு ஆஸ்பத்திரி பாத்துட்டேன், எல்லா இடத்துலயும் நான் ஒரு அதட்டல் போட்டா கதவைத் திறந்துடுவாங்க. நான் பக்கத்துல நின்னா அந்தப் பொண்ணு வாய்விட்டு அழக்கூட மாட்டா. அன்னைக்கு நான் என்ன ஆட்டம் ஆடினாலும் என்னை உள்ள விடாம நிக்க உன்னாலதான் முடியும், அதான் அங்க கூட்டிட்டு வரேன்'னாங்க."