தர்மினிக்குத் தெரியாத முக்கோணி

"இந்த மாசத்தோட இவளை நிப்பாட்டுறன் ரீச்சர். உங்களுக்கும் வீண் கரைச்சல், எனக்கும் வெக்கக்கேடு."

வெள்ளவத்தையில் கணித ரியூஷன் நடத்தும் ஜவாஹிறா ரீச்சரின் முன்னறை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதுதான் தாமதம், கனகேஸ்வரி தொடங்கிவிட்டா. பக்கத்தில் மகள் நிரோஷினி. கதவோரம் ஒதுங்கி நின்றது தர்மினி, கனகேஸ்வரியின் புருஷனுடைய தங்கச்சி மகள்.

தர்மினியும் தாய் பத்மாவதியும் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து லொட்ஜில் கிடந்தவர்கள். ஆமி சோதனைக்கு வந்து கதவைத் தட்டும் போதெல்லாம் செத்துப் பிழைத்தவர்கள். கனகேஸ்வரிதான் தன் பிளாற்று வீட்டுக்குக் கூட்டிவந்து, அங்கே தங்குபவர்களாகப் பொலிஸில் பதிந்து, ஓர் அறையும் கொடுத்தா. நல்ல மனுசிதான். அதை அவவே பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுவா.

"முதலாந் தவணையில நல்லாச் செஞ்ச புள்ளதானே?" என்றா ரீச்சர்.

"அது ஏதோ குருட்டுவாக்கில வந்தது. இப்ப பாருங்கோ, முக்கோணி வகைப்படுத்தச் சொன்னா முழுக்கப் பிழை. நிரோஷினி பரவாயில்லாமச் செய்திருக்கிறாள். ஒரே வீட்டில, ஒரே மேசையில இருந்துதானே ரெண்டும் படிக்குதுகள்? எங்கட வீட்டுப் பிள்ளை இப்பிடியெண்டா சனம் என்ன சொல்லும்? தையல் பழகட்டும் எண்டு தாய்க்குச் சொல்லிப்போட்டன். அவவும் மறுபேச்சில்லாம ஓம் எண்டிட்டா."

தர்மினி தலையை நிமிர்த்தவில்லை. தையல் என்றதும் கண் மட்டும் கலங்கியது.

ரீச்சர் எழும்பிக் கரும்பலகையில் ஒரு முக்கோணி கீறினா. ஒரு மூலை பெட்டியின் மூலை மாதிரி நேராக இருந்தது.

"மகள், இது என்ன முக்கோணி?"

"விரிகோண முக்கோணி, ரீச்சர்."

அடுத்ததில் ஒரு மூலையை நன்றாக அகட்டிக் கீறினா.

"கூர்ங்கோண முக்கோணி."

மூலை மூன்றும் கூராக இன்னொன்று.

"செங்கோண முக்கோணி."

பக்கங்களை வைத்துக் கேட்டா. அதுவும் அதே கதைதான். மூன்று பக்கமும் சமனானதை இருசமபக்கம் என்றாள், இரண்டு பக்கம் சமனானதைச் சமபக்கம் என்றாள்.

"பாத்தீங்களே ரீச்சர்," கனகேஸ்வரி தலையில் கை வைத்தா. "உங்களுக்கு முன்னால என்ர மானம் போகுது."

ரீச்சர் சோக்குக்கட்டியை வைத்துவிட்டுக் கனகேஸ்வரியின் பக்கம் திரும்பினா.

"மிஸிஸ் நாகேந்திரம், தெரியாத புள்ள குருட்டுவாக்கில ஒண்டையாவது சரியாச் சொல்லும். ஒண்டுகூடச் சரியா வராமச் சொல்லுறதெண்டா, எல்லாம் தெரிஞ்சிரிக்கோணும்."

கனகேஸ்வரிக்கு விளங்கவில்லை.

"வேணுமெண்டுதான் பிழையாச் சொல்லுறா," என்றா ரீச்சர். "ஏன் மகள்?"

நிரோஷினிதான் சொன்னாள்.

"முதலாந் தவணையில தர்மினி என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தவ, ரீச்சர். அதுக்கு அம்மா ஒரு கிழமையாப் பத்மா மாமியோட கதைக்கேல்லை. 'இருக்க இடம் குடுத்தா, என்ர பிள்ளையையே முந்தப் பாக்குதுகள். திரும்பவும் லொட்ஜுக்கே போகட்டும்' எண்டு அப்பாட்டச் சொன்னவ. அது அவையின்ர அறைக்குக் கேட்டிருக்கு."

கனகேஸ்வரிக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லதென்று இருந்தது. ரீச்சரின் முகத்தையும் பார்க்க முடியவில்லை, பெற்ற மகளின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினா.

தர்மினி பதறிப்போய் ஓடிவந்து அவவின் கையைப் பிடித்தாள்.

"அழாதேங்கோ மாமி. இனி முழுக்கப் பிழை விடமாட்டன். அடுத்த சோதனையில நிரோஷினியைவிட ஒரேயொரு புள்ளி மட்டும் குறைச்சு எடுக்கிறன்."