பழசரக்கு

டப் டப் டப்... டொய்ங்!

பதினைந்து வருடங்களுக்கு முன், தாராவிச் சந்துகளில் வீடியோ கேம் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் காதில் விழுந்த சத்தம். சஃப்ரீனும் மகேஸ்வரியும் சேர்ந்து செய்த கேம் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கியது.

பெரிய கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. தாராவித் தெருவில் யார் வந்து விளையாடுவார்கள் என்று கேட்டன. நாங்கள் விளையாடுவோம் என்றவர்கள் இணையத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். பத்தாயிரம் போட்டால், கேமில் வரும் தெருவில் நீங்கள் சொல்லும் பெயரில் ஒரு கடை போர்டு.

மளிகைக்கடை சுயம்பு அண்ணாச்சி, தாராவியின் லேபர் கேம்ப் பகுதியில் அவர்கள் வேலை செய்யும் அறைக்கு நேரிலேயே வந்து பணம் கட்டியிருந்தார். போர்டில் வர வேண்டியதைத் தாளில் எழுதியும் தந்திருந்தார். நாளை கேம் வெளியாகிறது. இன்று திரையைப் பார்த்தவர் முகம் மாறியது.

"சுயம்பு பலசரக்குக் கடைன்னு இருக்கு. யாரு மாத்துனது?"

"நான்தான் அண்ணாச்சி" என்றாள் மகேஸ்வரி. "நீங்க பழத்துக்கு வர்ற 'ழ' போட்டு, 'பழசரக்கு'ன்னு எழுதியிருந்தீங்க."

"நான் எழுதுனதுதான் வேணும்."

"அரே, பழசரக்குன்னா பழைய சரக்குன்னு ஆயிடும்! புழுத்த பருப்பு விக்கிற கடைன்னு சிரிப்பாங்க."

"சிரிச்சிட்டுப் போட்டும்."

சஃப்ரீன் குறுக்கே வந்தாள். "எனக்குத் தமிழ் வாசிக்க வராது அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணுதான். ஆனா காசு போட்டவங்க ஒவ்வொரு போர்டையும் ஜூம் பண்ணிப் பார்ப்பாங்க. எங்க மானம் போயிடும்."

"பத்தாயிரம் குடுத்தா தமிழையே வாங்கிட்டதா நினைப்பு" என்று முணுமுணுத்தாள் மகேஸ்வரி.

அண்ணாச்சி காதில் அது விழுந்தது. ஆனால் கோபப்படவில்லை.

"வேணும்னா உங்க பணத்தைத் திருப்பித் தந்துடறோம்" என்றாள் சஃப்ரீன்.

"துட்டு வேண்டாம் தாயி. இதை வெளியூர்லயும் ஆடுவாங்கல்லா?"

"எல்லா ஊர்லயும். நீங்க ஆடுவீங்களா?"

"எனக்கு என்ன தெரியும்? எம் மவன் நம்பிராஜன் ஆடுவான். கேம்னா அவனுக்குச் சோறே வேண்டாம்."

"அப்ப அவர்கிட்டயே கேளுங்க, எது சரின்னு!" மகேஸ்வரி விடவில்லை.

அண்ணாச்சி திரையில் தெரிந்த போர்டை விரலால் தொட்டார்.

"அவன் இந்தி ஸ்கூல்ல படிச்சவன். தமிழ் தானா எழுதிப் பழகுனான். ஒருநாள் எனக்குத் தெரியாம பெயிண்ட் வாங்கி, போர்டு எழுதி, கடையில மாட்டிட்டான். சாமான் வாங்க வந்தவனெல்லாம், 'என்ன அண்ணாச்சி, எல்லாம் பழைய சரக்கா?'ன்னு சிரிச்சான். அத்தனை பேர் முன்னால அவனை அறைஞ்சேன். அவன் கையாலயே அழிக்கவும் வச்சேன்."

அண்ணாச்சி போர்டிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்.

"அந்த 'ழ'வைப் பார்த்தா அவனுக்குத் தெரியும் தாயி, நம்ம கடைன்னு."

மகேஸ்வரி கீபோர்டை இழுத்து, 'ல'வை அழித்துவிட்டு 'ழ' போட்டாள்.

போர்டை அழித்த அன்று, பதினைந்து வயதில், கடையை விட்டு இறங்கிப் போன நம்பிராஜன் இதுவரை வீடு திரும்பவில்லை.