டாக்டர் பார்த்த முகம்

செவலை ஆட்டுக்குப் பின்னங்காலில் புண் சீழ் பிடித்து நாறியது. டாக்டர் கொக்கு மாசத்துக்கு ஒருமுறை வீடியோவில்தான் பார்க்கும். குரங்கு போனைப் பிடித்ததுதான் தாமதம், ஆடு காதை நிமிர்த்திக்கொண்டு ஈயென்று இளித்தது, என்னமோ கல்யாண போட்டோ மாதிரி.

"முகம் தெளிவா இருக்கே. அதே மாத்திரை போடுங்க" என்றது கொக்கு.

"அக்கா, காலைக் காட்டு!" குரங்குக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா இருடா. டாக்டர்கிட்ட போய் அந்தக் கண்றாவியையா காட்டுவாங்க?"

அடுத்த மாசம் டாக்டர் கூப்பிட்டபோது ஆடு செத்துக் கிடந்தது. குரங்கு போனை ஆட்டின் முகத்துக்கு நேரே பிடித்தது.

கொக்கு கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தது. "நெட்வொர்க் சரியில்ல, படம் அப்படியே நிக்குது. பரவாயில்ல, அதே மாத்திரையே போடட்டும்."