ஒரே ஒரு ரிங்

விக்னேஷ்குமார் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் இன்டர்நெட் போன்களை மாட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மேனேஜர் காளீஸ்வரன் அவனை மறுபடி கூப்பிட்டார்.

“மருந்து கலக்குற ரூமுக்கு வெளிய இருக்க போன்ல இருந்து பேக்கிங் ஷெட்டுக்கு மணிக்கு ஒரு ரிங் போகுது தம்பி. யாரும் எடுக்கிறதில்லை. சரக்கு திருடத்தான் சிக்னல் குடுக்கானுக. அதைத் தடுத்து விடுங்க.”

விக்னேஷ் லேப்டாப்பில் தடுத்தான்.

மணி பதினொன்றைத் தாண்டியது. பேக்கிங் ஷெட்டிலிருந்து சின்னத்தாய் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

மேனேஜர் மறித்தார். “எங்கன ஓடுற?”

“ரிங் வரலையே சார். எம்புருசன் அங்கன மருந்து கலக்குறாக. ஒவ்வொரு கலவை முடிஞ்சதும் வெளிய வந்து ஒரு ரிங் குடுப்பாக, உசுரோட இருக்கேன்னு.”