வெயிலுக்கை விரிச்ச படங்கு

"கொழும்பு வாகனம் புத்தூர்ச் சந்தியாலை திரும்பிட்டுதாம்" எண்டு போன் வந்ததுதான் தாமதம், உதயகலா கொடிக்கு ஓடினாள். தண்ணி சொட்டச் சொட்டக் கிடந்த உடுப்புகளை அள்ளிக் கக்கத்திலை இடுக்கிக்கொண்டு உள்ளுக்குப் பாஞ்சாள்.

பின்னை என்ன? முன்னறையிலை அரசாங்கக் காசிலை அவள் நடத்துற மழை ஆராய்ச்சி, பின்னறையிலை அவளின்ரை குடித்தனம். பெரிய மனிசர் வரேக்கை மழைமானிக்குப் பக்கத்திலை உள்பாவாடை ஆடினா வடிவாயே இருக்கும்?

வேலிக்கு அங்காலை, கிண்டின வெங்காயத்தைக் காய விட்டுக்கொண்டு நிண்ட பூரணம் ஒருக்கா நிமிர்ந்து பாத்தா. பாத்திட்டு வீட்டுக்குள்ளை போனா.

வந்தவர் செல்வரட்ணம், காசு தாற திணைக்களத்து ஆள். நல்ல மனிசன்தான். ஆனா சிரிக்கிறதுக்கும் மேலிடத்து அனுமதி வேணும் போலை.

"இங்கை பாரும் பிள்ளை, கருவியள் எல்லாம் திறம். ஆனா நீர் சொல்லுற மழைக்கணிப்பைச் சனம் கேக்குதோ? கேட்டாத்தான் அடுத்த வருசமும் காசு. இல்லையெண்டா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

"கேக்குதுகள் சேர். போன மாசம் திடீரெண்டு கொட்டின மழைக்கு இந்த ஒழுங்கையிலை ஒரு வெங்காயமும் நனையேல்லை."

"அது அவையின்ரை அனுபவமாயும் இருக்கலாம். இண்டைக்கு என்ன சொல்லியிருக்கிறீர்?"

"மழை இல்லையெண்டு காலமையே எல்லாற்றை போனுக்கும் அனுப்பிட்டன் சேர்."

வானமும் அவள் பக்கந்தான். மருந்துக்கும் ஒரு முகில் இல்லை, வெயில் மண்டையைப் பிளந்துது.

"அப்ப வாரும், சனத்தையே கேப்பம்."

படலையைத் திறந்து ஒழுங்கைக்கு வந்த உதயகலா அப்பிடியே நிண்டிட்டாள். பூரணமும் புருசன் சண்முகநாதனும் வெங்காயத்துக்கு மேலை தறப்பாள் படங்கை இழுத்து மூடிக்கொண்டு நிண்டினம். அடுத்த வளவிலையும் படங்கு, அதுக்கு அங்காலையும் படங்கு. ஒழுங்கை முழுக்க ஒரே ஓட்டம்.

"என்ன அண்ணை, மழை வருமோ?" செல்வரட்ணம் கேட்டார்.

"ஓம் ஐயா, நல்லா வரும்." சண்முகநாதன் படங்கு நுனியிலை ஒரு கல்லைத் தூக்கி வைச்சார்.

"மழை இல்லையெண்டு போனுக்கு வரேல்லையோ?"

"வந்திருக்கும். ஆர் பாத்தது?"

செல்வரட்ணம் பேனையை மூடிச் சட்டைப் பையிலை குத்தினார். வெண்ணெய் திரளேக்கை தாழி உடைஞ்ச கதைதான். நாயாய்ப் பேயாய் உழைச்சவளுக்குக் கண் கலங்கிப்போச்சு, கூடவே ஆத்திரமும் வந்துது.

"பூரணமக்கா, நான் சொன்னதை நம்பாமல், இந்த வெயிலுக்கை ஆற்றை சொல்லைக் கேட்டுப் படங்கு போடுறியள்?"

பூரணம் இடுப்பிலை கையை ஊண்டினா. காஞ்சுகொண்டிருந்த வெங்காயத்தை மூட வேண்டி வந்ததிலை அவவுக்கும் கோவந்தான்.

"ஆற்றை சொல்லையோ? எப்பவும் உங்கடை கொடியைப் பாத்துத்தானே பிள்ளை நாங்கள் படங்கு போடுறனாங்கள், இண்டைக்கு ஈர உடுப்பையே அள்ளிக்கொண்டு ஓடினீங்கள்!"